நீல மாத்திரையும் நாங்களும்

எங்கள் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே ஒரு மல்லிகைப் பாத்தி இருக்கிறது. செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னை மரியாளின் பிறந்தநாள் விழாவுக்குக் கெபியை அலங்கரிக்க வேண்டுமென்று, தோட்டக்காரத் தாத்தா இரண்டு வாரம் முன்னதாகவே அதைக் கொத்திக் களையெடுத்தார். சிறிது நேரத்தில் எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்று, மண் ஒட்டிய உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "பாப்பா, யாரோட பாசிமணி மாலை அறுந்துபோச்சு? இவ்வளவு கெடக்கு!" என்றார். கையில் இருந்தவை நீல நிற உருண்டைகள். சில மழையில் ஊறி வெளுத்திருந்தன. சில முந்திய நாள் விழுந்தவைபோல் பளபளத்தன. வகுப்பே குனிந்து புத்தகத்தைப் பார்த்தது. அவை பாசிமணிகள் அல்ல என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமைதோறும் மதிய உணவுக்குப் பின் எங்களுக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைகள் அவை.

செய்தி தலைமை ஆசிரியை அருட்சகோதரியின் காதுக்கு எட்டியது. தண்டனை நிச்சயம் என்று நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தோம். ஆனால் சிஸ்டர், "யார் எறிந்தது?" என்று கேட்கவே இல்லை. "ஏன் எறிந்தீர்கள்?" என்றுதான் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை அறிவியல் ஆசிரியையின் மேசைமீது ஒரு பழைய சாக்பீஸ் பெட்டி இருந்தது. பெயர் எழுத வேண்டாம். மாத்திரையைப்பற்றியும், அதையொட்டி உடலைப்பற்றி மனத்தில் உள்ள எதைப்பற்றியும், சீட்டில் எழுதிப் போடலாம் என்றார்கள். இரண்டு நாளில் பெட்டி நிரம்பிவிட்டது. சீட்டுகளுக்கு விடை தேடி, பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவின் டாக்டரம்மாவிடம் சரிபார்த்து, வகுப்பில் வாசிக்கும் வேலை எங்கள் ஐவருக்கு வந்தது. நாங்கள் ஐவருமே மாத்திரை எறிந்தவர்கள்தாம் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நாங்கள் கண்ட விடைகளில் முக்கியமானவற்றையே இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

சீட்டுகளைப் பிரித்தபோது சிரிப்பும் வந்தது. சில இடங்களில் சிரிக்க முடியாமலும் போயிற்று. "வயிற்றைப் புரட்டுகிறது" என்று பலர் எழுதியிருந்தார்கள். "மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது" என்றார் ஒருவர். "இது பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் இருப்பதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார்கள்" என்று ஒரு சீட்டு. எல்லாவற்றையும்விட அதிகமான சீட்டுகளில் ஒரே வாக்கியம் வெவ்வேறு கையெழுத்தில் இருந்தது: "இதைச் சாப்பிட்டால் கறுத்துப் போவோமாம்."

முதலில் மாத்திரையைப்பற்றிச் சொல்லிவிடுகிறோம். 10 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு வாரம் ஒன்று வீதம் தரப்படும் இம்மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. 2018-இல் தொடங்கிய இரத்தச் சோகை ஒழிப்புத் திட்டத்தில் குறித்த அளவு இது. உடல் ஏற்றுக்கொள்ளாத இரும்பு குடலின் வழியாக வெளியேறுகிறது. அதனால்தான் மலம் கறுக்கிறது. தோல் கறுப்பதில்லை. தோலின் நிறம் மெலனின் என்னும் பொருளால் வருவது. அதற்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பு இல்லை. குழந்தைப்பேற்றைத் தடுக்கும் மருந்து எதுவும் இதில் இல்லை. மாறாக, தாயாகும் காலத்தில் போலிக் அமிலம் போதிய அளவு இருந்தால், சிசுவின் முதுகுத்தண்டும் மூளையும் குறையின்றி உருவாக அது துணை செய்யும். வயிற்றைப் புரட்டுவது உண்மைதான். வெறும் வயிற்றில் விழுங்கினால் அப்படித்தான் இருக்கும். காலையில் சாப்பிடாமல் வந்து, மதியம் டப்பாவில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு, மாத்திரையைக் குறை சொன்னால் எப்படி? இது எங்கள் கேள்வி அல்ல, டாக்டரம்மாவின் கேள்வி.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் ஒன்று எங்களை உறுத்தியது. இந்தச் சீட்டுகளை எழுதிய கைகளில் எத்தனையோ கைகள் நல்ல கறுப்பு. எங்களில் மூவர் கறுப்பு. உடம்பில் இரத்தம் இல்லாமல் போனாலும் போகட்டும், நிறம் மட்டும் இன்னும் ஒரு படி கறுத்துவிடக் கூடாது என்று மருந்தைச் சன்னல் வழியே எறியும் அளவுக்கு எங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? பெண் பார்க்க வருபவர்களா, முகப்பூச்சு விளம்பரமா, அன்பாகவே "கறுப்பி" என்று கூப்பிடும் பாட்டியா? மூன்றும் இருக்கலாம். தன் உடலைப்பற்றிய மதிப்பு குறைந்தால், அவ்வுடலுக்கு நன்மை செய்வதைக்கூட ஒரு பெண் தூர எறிந்துவிடுகிறாள் என்பதை அந்த மல்லிகைப் பாத்தி எங்களுக்குக் காட்டியது.

இனி இரத்தத்துக்கு வருவோம். சிவப்பணுக்கள் எலும்பு மச்சையில் பிறந்து ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அவற்றுள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் நுரையீரலிலிருந்து ஆக்சிஜனைச் சுமந்து உடலெங்கும் கொண்டு சேர்ப்பது. அதற்கு இரும்பு வேண்டும். எங்கள் வயதுப் பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் இரத்தச் சோகை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இக்குறை இருந்தது. அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 31 பேர். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர். அதாவது ஒரு பெஞ்சில் நால்வர் அமர்ந்தால், இருவரைத் தொட்டுச் சொல்லலாம்.

பெண்களுக்கு மட்டும் ஏன் இத்தனை? வளரும் வயதில் உடல் பெருக்கும் இரத்தத்துக்கு ஆண், பெண் இருவருக்கும் இரும்பு வேண்டும். எங்களுக்கோ மாதந்தோறும் ஓரளவு இரும்பு வெளியேயும் போகிறது. மாதவிடாயில் சாதாரணமாக இழப்பது 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம்; மேசைக்கரண்டிக் கணக்கில் இரண்டிலிருந்து மூன்று. அதனோடு ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. ஆகையால்தான் 13 முதல் 15 வயதுவரை பையனுக்கு நாளொன்றுக்கு 22 மில்லிகிராம் இரும்பு உணவில் வேண்டும் என்றால், பெண்ணுக்கு 30 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்துள்ளது. இப்போது வீட்டில் பரிமாறும் தட்டை நினைத்துப் பார்ப்போம். அதிகம் தேவைப்படுபவளுக்கு எவ்வளவு வருகிறது? அண்ணனுக்கு முட்டை, தம்பிக்கு முட்டை. எங்களுக்குக் குழம்பில் அந்த முட்டையின் வாசனை! (எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. எங்களில் ஒருத்தியின் அப்பா அவளுக்கே முதலில் வைப்பார்.)

இரத்தச் சோகை வந்தால் எப்படித் தெரியும் என்று ஆசிரியை கேட்டபோது, "வெளுத்துப் போவோம்" என்று ஒரே குரலில் சொன்னோம். எங்களைப் போன்ற நிறத்தவர்களுக்கு அது முகத்தில் தெரியாது. கீழ் இமையின் உட்புறத்தையும், நாக்கையும், நகத்தையும் பார்க்க வேண்டும். மற்றோர் அடையாளம் எங்களை வாயடைக்கச் செய்தது. சிலருக்கு இரும்புக் குறைவினால், உணவல்லாதவற்றைத் தின்னும் வேட்கை உண்டாகும். பல்பம், சாக்பீஸ், செங்கல் துண்டு, திருநீறு, அரிசிப் பானையிலிருந்து அள்ளி அள்ளிப் பச்சரிசி! "அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும்" என்று எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறோம்! பல்பம் தின்னும் பெண்ணை ஆறாம் வகுப்பில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து "சுண்ணாம்பு" என்று பட்டப்பெயரிட்டு அழைத்தோம். அது கெட்ட பழக்கம் அல்ல, நோயின் குறியாக இருக்கலாம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இப்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அவள் சிரித்துவிட்டு, "இப்பவும் ஒரு துண்டு கெடச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

எங்கள் வகுப்பில் ஓட்டக்காரி ஒருத்தி உண்டு. எட்டாம் வகுப்பில் வட்டார அளவில் 100 மீட்டரில் முதலாக வந்தவள். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அவள் ஓடிக்கொண்டேயிருந்தாள். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஓரடி பின்னால் வந்தாள். படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிற்பகல் கணக்கு வகுப்பில் கண் சொருகியது. மதிப்பெண் இறங்கியது. "சோம்பேறி" என்று சிலர் சொன்னார்கள், "வயதுக்கு வந்துவிட்டாள் அல்லவா, இனி ஓட்டம் எங்கே?" என்று வேறு சிலர். அவளே அதை நம்பத் தொடங்கியதுதான் கொடுமை. "எனக்கு அவ்வளவுதான்டி வரும்" என்று சொல்லிப் போட்டிப் பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்துவிட்டாள். அக்டோபரில் மருத்துவக் குழு வந்து விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தபோது அவளுடைய அளவு 8.4. டாக்டரம்மா அவளை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார்கள். மாதவிடாய் ஒவ்வொரு முறையும் ஒன்பது, பத்து நாள் நீடிப்பதும், இரண்டு மணிக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருப்பதும் அப்போதுதான் வெளிவந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். கேட்க வெட்கப்பட்டு ஒன்றரை ஆண்டு கடத்திவிட்டாள்.

எது இயல்பு, எது இயல்பல்ல என்று தெரியாமல் இருப்பதால் வரும் துன்பத்தை அன்று கண்ணால் கண்டோம். ஆகவே இந்தப் பகுதியை மட்டும் தோழியர் இரண்டு முறை படிக்குமாறு வேண்டுகிறோம்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய சூலகங்களில் முட்டைகள் உள்ளன. பருவமெய்திய பின், மாதம் ஒன்று என்ற அளவில் முட்டை முதிர்ந்து வெளிவருகிறது. கரு தங்கினால் அதற்கு மெத்தையாகக் கருப்பையின் உட்சுவர் தடித்துக் காத்திருக்கிறது. கரு தங்கவில்லையென்றால் அம்மெத்தை உதிர்ந்து, இரத்தத்துடன் வெளியேறுகிறது. இதுதான் மாதவிடாய். கெட்ட இரத்தம் என்று ஒன்றில்லை; உடலில் ஓடும் அதே இரத்தம்தான். 'மாதவிலக்கு' என்னும் சொல்லிலேயே ஒரு விலக்கி வைத்தல் இருக்கிறது. 'வீட்டுக்குத் தூரம்' என்பதில் கேட்கவே வேண்டாம். மாதவிடாய் என்றே எழுதுவது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

முதல் மாதவிடாய் 9 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் வரலாம். "எனக்கு 14 முடிந்துவிட்டது. இன்னும் ஆகவில்லை. விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவிடம் கேட்கிறார்கள். பரண்மேல் ஏறி ஒளிந்துகொள்ளலாம்போல் இருக்கிறது" என்று ஒரு சீட்டு வந்தது. எழுதியவளுக்குச் சொல்கிறோம்: 15 வயது முடியும்வரை காத்திருக்கலாம்; அதற்கும் மேல் ஆனால் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்துக் காரணம் தெரிந்துகொள்ள வேண்டும். விருந்தாளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உனக்கு இல்லை.

தொடக்க ஆண்டுகளில் கணக்கு ஒழுங்காக இராது. 21 நாளிலிருந்து 45 நாள்வரை இடைவெளி இருக்கலாம். சூலகம் இன்னும் பழகவில்லை என்பதே காரணம். இரத்தப்போக்கு 2 முதல் 7 நாள் நீடிக்கும். 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஓரிரு மணிக்கு ஒருமுறை துணியோ நாப்கினோ நனைந்துவிட்டாலோ, மூன்று மாதம் தொடர்ந்து வராமலிருந்தாலோ, பள்ளிக்கே வர முடியாத அளவு வலி மாதந்தோறும் இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். "பொம்பளைன்னா பொறுத்துக்கத்தான் வேணும்" என்பது மருத்துவ ஆலோசனை அன்று.

வெள்ளைப்படுதலைப்பற்றி வந்த சீட்டுகளும் பல. "எலும்பு உருகி வருகிறது என்கிறார்கள், அதனால்தான் இளைத்துவிட்டேனா?" எலும்பு உருகுவதில்லை. இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவில் வாடையில்லாமல் தெளிவாகவோ சற்று வெண்மையாகவோ கசிவது இயல்பு. உடல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி அது. துர்நாற்றமோ, அரிப்போ, தயிர்த் திப்பிபோன்ற கசிவோ, மஞ்சள், பச்சை நிறமோ இருந்தால் அது தொற்று, மருந்து உண்டு.

துணியைப்பற்றி ஒரு வார்த்தை. துணியானாலும் நாப்கினானாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயவைத்தால் அதில் தவறே இல்லை. ஆனால் எங்கள் வீடுகளில் அது எங்கே காய்கிறது? மாட்டுக்கொட்டகை மூலையில், கட்டிலுக்கு அடியில், பழைய பாவாடைக்கு உள்ளே! வெயில் இலவசமாகக் கிடைக்கும் ஊரில், வெட்கத்தின் காரணமாக ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு புண்ணை வாங்கிக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் வழங்கும் 'புதுயுகம்' திட்டம் 2012-இல் தொடங்கியது. அதற்குப் பிறகும், கடையில் வாங்கும் பொட்டலத்தைக் கடைக்காரர் கறுப்புப் பையில் சுற்றித்தான் தருகிறார். சர்க்கரையைக் கறுப்புப் பையில் தருவதில்லை.

பெட்டியில் கத்தோலிக்கத் தோழி ஒருத்தி எழுதிய சீட்டு இது: "அந்த நாள்களில் கோயிலுக்குள் போகலாமா? நற்கருணை வாங்கலாமா? ஆயா கூடாது என்கிறார்கள்." இதற்கு விடை எங்களுக்குத் தெரியவில்லை. மறைக்கல்வி எடுக்கும் சிஸ்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு வியப்பான செய்தியைச் சொன்னார். இதே கேள்வி ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்ததாம். இங்கிலாந்துக்கு மறைபரப்பச் சென்ற புனித அகுஸ்தீனார் (கான்டர்பரியில் ஆயராக இருந்தவர்; மோனிக்கம்மாளின் மகன் அல்லர்) திருத்தந்தை பெரிய கிரகோரியாருக்கு இதை எழுதிக் கேட்டார். 601-ஆம் ஆண்டு வாக்கில் திருத்தந்தை அனுப்பிய மறுமொழியை வரலாற்றாசிரியர் பீட் தமது நூலில் சேர்த்து வைத்திருக்கிறார். அந்நாள்களில் பெண்ணைக் கோயிலுக்குள் வராதே என்று தடுக்கக் கூடாது, நற்கருணையையும் மறுக்கக் கூடாது. இயற்கையாக நிகழ்வது அவளுடைய குற்றமன்று என்பதே அதன் கருத்து. மிகுந்த மரியாதையினால் தானாகவே வாங்காமல் இருக்கும் பெண்ணையும் அவர் குறை கூறவில்லை. ஆனால் பிறர் தடுக்க உரிமையில்லை. அதற்கு அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது, இரத்தப்போக்கினால் பன்னிரண்டு ஆண்டு வருந்திய பெண் ஆண்டவரின் ஆடையைத் தொட்ட நிகழ்ச்சியை.

மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தை அன்றே எடுத்துப் படித்தோம். சிறுவயதிலிருந்து கேட்ட பகுதிதான், ஆனால் 8.4-ஐப் பார்த்த பிறகு அது வேறுவிதமாகத் தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டு இரத்தம் போன ஒருத்தி! பல வைத்தியர்களிடம் சென்று, கையிலிருந்த பணமெல்லாம் செலவழித்து, நோய் கூடியதுதான் மிச்சம். அவளுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்திருக்கும்? அந்த நெரிசலில் அவள் நடந்து வந்ததே பெரிது என்று எங்களுக்குத் தோன்றியது. ஊரார் தீட்டு என்று ஒதுக்கியதால் பின்னாலிருந்து, திருட்டுத்தனமாகத் தொடுகிறாள். இயேசு அவளைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திப் பேசவைக்கிறார். மகளே என்று அழைக்கிறார். அவர் போய்க்கொண்டிருந்த வீட்டிலோ பன்னிரண்டு வயதுச் சிறுமி, யாயீரின் மகள், இறந்து கிடக்கிறாள். கையைப் பிடித்து எழுப்பியபின் அவர் பெற்றோரிடம் சொன்ன கடைசிச் செய்தியை நாங்கள் இதுவரை கவனித்ததே இல்லை. அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார்! பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தட்டைப்பற்றி ஆண்டவரே நினைத்திருக்கிறார்.

அதே வகுப்பில் சிஸ்டர், தாழ்ச்சி வேறு, தாழ்வு மனப்பான்மை வேறு என்பதையும் விளக்கினார். தாழ்ச்சி உள்ளவள் தன்னிடம் உள்ளது இறைவன் தந்தது என்று அறிந்திருப்பாள். தாழ்வு மனப்பான்மை உள்ளவள் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று நினைப்பாள். கடைசியில் சாப்பிடுவதும், மிஞ்சியதைச் சாப்பிடுவதும், வலியை மறைப்பதும் தாழ்ச்சியா என்று ஒருத்தி கேட்டாள். சிஸ்டர் சிறிது யோசித்துவிட்டு, "மரியன்னை மயங்கி விழுந்து கிடந்திருந்தால், எலிசபெத்தம்மாளுக்கு உதவி செய்ய மலைநாடு வரைக்கும் போயிருக்க முடியுமா?" என்றார். வகுப்பே சிரித்துவிட்டது.

பருவமெய்துவதே ஒரு பெண்ணின் படிப்புக்கு முடிவாக இருந்த காலத்தில் வாழ்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் அவரும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். வீட்டிலேயே படிப்பைத் தொடர்ந்து, பையன்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளிவந்தார். பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்து, இளம் வயதுத் திருமணத்தை எதிர்த்துப் போராடினார். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் அவரால் உருவானது. வயதுக்கு வந்துவிட்டாள், இனி ஓட்டம் எங்கே என்று கேட்டவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

கடைசியாகச் சாப்பாடு. இதில் நம் பாட்டிமார் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர். பெண் பெரியவளானதும் உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், முட்டை, ஆட்டுச் சுவரொட்டி என்று ஊட்டி ஊட்டித் தள்ளுகிறார்களே, அதில் சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல், இரும்பு நிறைந்தது. மாமன் வீட்டுச் சீர் வருகிறது, பதினாறு நாளும் பெண்தான் வீட்டுக்கு ராணி. பதினேழாம் நாள் என்ன ஆகிறது? ராணி எழுந்து பாத்திரம் துலக்கப் போகிறாள். சுவரொட்டி தம்பியின் தட்டுக்குப் போகிறது. இரத்தம் பதினாறு நாளோடு நிற்பதா? அடுத்த முப்பத்தைந்து ஆண்டு மாதந்தோறும் போகப்போகிறது. மஞ்சள் நீராட்டுக்கு அச்சடிக்கும் பத்திரிகைச் செலவில் எத்தனை முட்டை வாங்கலாம் என்று எங்களில் ஒருத்தி கணக்கே போட்டுவிட்டாள். விடையை இங்கே எழுதினால் வீட்டில் அடி விழும் என்பதால் விட்டுவிடுகிறோம்.

விலையுயர்ந்த பண்டம் தேவையில்லை. முருங்கைக்கீரை, கம்பங்கூழ், எள்ளுருண்டை, கடலை மிட்டாய், கருவாடு, முடிந்தபோது ஈரல். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. அதனோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் ஒன்று சேர்ந்தால் சேரும். சாப்பிட்டவுடன் குடிக்கும் டீயும் காப்பியும் அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். கொல்லைக்குச் செருப்பில்லாமல் போனால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறிக் குடலில் உட்கார்ந்து இரத்தம் குடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் மல்லிகைக்குக் கொடுக்க வேண்டாம்.

இப்போது வியாழக்கிழமைகளில் எங்கள் வகுப்பில் ஒரு பானை எலுமிச்சை நீர் வைக்கிறோம். தட்டைக் காலி செய்தபின்தான் மாத்திரை. எறிபவர் ஒருவர்கூட இல்லை என்று சொல்ல மாட்டோம். பாத்தியை வாரம் ஒருமுறை பார்க்கிறோம், இரண்டோ மூன்றோ கிடைக்கத்தான் செய்கிறது. ஓட்டக்காரிக்கு மருத்துவமனையில் இரத்தப்போக்குக்குத் தனியாக மருந்தும், நாள்தோறும் விழுங்க இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து 11.3. இன்னும் 12-ஐத் தொடவில்லை. விளையாட்டு விழாவில் நான்காவதாகத்தான் வந்தாள். ஆனால் பட்டியலில் தன் பெயரைத் தானே மீண்டும் எழுதினாள்.

அவளைச் சோதிக்க அழைத்துப்போனபோது கூடவே அவளுடைய அம்மாவுக்கும் பார்த்தார்களாம். மகளுடையதைவிடக் குறைவு, 7.9. இருபது ஆண்டாக எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தவர். இப்போது அம்மாவும் மகளும் இரவில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சேர்ந்து மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். முதல் நாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா வெகுநேரம் தயங்கினாராம். அப்புறம் மெதுவாக, "ஏண்டி, இதைச் சாப்பிட்டா கறுத்துப் போயிடுவேனா?" என்று கேட்டாராம்.